வாங்கிப் பூட்டியதோடு கடமை முடியவில்லை

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் என்று எங்கள் தமிழ்ச் சனம் வாழும் இடங்களில் பின்வளவுகளை எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு டிராம்போலின் நிற்கும். பிள்ளை கேட்டது, வாங்கினோம், ஒரு சனிக்கிழமை இரண்டு பேராக நின்று பூட்டினோம். அத்தோடு சரி. கார் எண்ணெயை நாள் பார்த்து மாற்றுகிறோம். குளிர்கால டயர் மாற்ற முன்கூட்டியே நேரம் எடுக்கிறோம். பிள்ளை ஏறிக் குதிக்கிற பொருளின் ஸ்பிரிங்கை மட்டும் வருடக்கணக்கில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பெற்றோரே, இதற்குப் பெயர் கவலையீனம்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டு வளவில் டிராம்போலின் வேண்டாம் என்று கனேடியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1977 முதல் எச்சரித்து வருகிறது. சுற்றுவலையும் பஞ்சு உறையும் போட்டதால் காயங்கள் உறுதியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2012இல் அது மறுபடியும் எழுதியது. எனவே இன்னும் வாங்காதவர்கள் வாங்க வேண்டாம். இந்த நாட்டின் டிராம்போலின் வீராங்கனை ரோசி மக்லெனன் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றாரே என்று வாதாடவும் வேண்டாம். அவர் பயிற்சியாளரின் கண்முன்னே, தனி ஆளாகக் குதித்துப் பழகியவர். உங்கள் வளவில் நடப்பது அதுவல்ல.

ஏற்கெனவே வாங்கிவிட்டோம் என்கிறீர்களா? அப்படியானால் வருடத்தின் நான்கு பருவமும் அதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பனி கரைந்ததும், பிள்ளை சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் நீங்கள் வெளியே போங்கள். குளிரில் உறைந்து உப்பிய நிலம் ஏப்ரலில் இளகி இறங்கும்போது கால்கள் ஒரே மட்டத்தில் நிற்காது. விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஆணியை இறுக்குங்கள். பிறகு ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றிக் கையில் வைத்தால் அதன் சுருள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது இழுபட்டுப் போனது, எறியுங்கள். கறள் பிடித்துச் செதில் உதிர்ந்தாலும் எறியுங்கள். அதே நீளத்தில்தான் புதியதை வாங்க வேண்டும். குதிக்கும் விரிப்புக்குக் கீழே படுத்து மேலே பாருங்கள். வெயில் ஊசித்துளையாக உள்ளே வந்தால் அங்கேதான் நாளைக்குக் கிழியும். விளிம்பில் இரும்பு வளையங்களைப் பிடித்திருக்கும் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் பொடியாக வந்தால் விரிப்பின் ஆயுள் முடிந்துவிட்டது. சுற்றுவலையையும் அப்படியே இழுத்துப் பாருங்கள். இவற்றை அரிப்பது வெயில். இரண்டு மூன்று கோடை வெளியில் நின்ற வலை பார்வைக்கு முழுதாக இருக்கும். பிள்ளை சாயும்போது பிய்ந்துவிடும். ஸ்பிரிங்குகளை மூடும் பஞ்சு உறை விலகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அன்றைக்குக் குதிப்பு இல்லை. இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது கோடை. கோபத்தோடு நான் பேச வேண்டிய இடம் இதுதான். பிறந்தநாள், பார்பிகியூ, ஒன்றுகூடல் என்று வந்தால் டிராம்போலினில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாகக் குதிக்கிறார்கள். பெரியவர்கள் கதிரையில் இருந்து கதைக்கிறோம். சில வேளை மாமாவே ஏறி, நான்கு வயதுக் குழந்தையை உயரத் தூக்கிவிடுகிறேன் என்று குதிக்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள். காயங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி, ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் ஏறியபோது நடந்தவை. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் கூட்டத்தில் மிகச் சிறியவர். காரணம் இதுதான்: பாரமானவர் அமிழ்த்திய விரிப்பு விசையோடு மேலே எழும்பும் அதே கணத்தில் சிறியவர் கீழே வருகிறார். மெத்தையில் விழுவதற்குப் பதிலாக, மேலே அடிக்கும் விரிப்பில் கால் மோதுகிறது. முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு வெடிக்கிறது. குழந்தை வெளியே விழவே இல்லையே என்று பெற்றோர் திகைப்பார்கள். விழ வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே முதற் சட்டம்: ஒரு நேரத்தில் ஒருவர். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஏறவே கூடாது. குட்டிக்கரணம் கூடாது. மழை பெய்து விரிப்பு ஈரமாக இருந்தால் துடைத்துக் காயும்வரை கூடாது. குதித்து முடிந்ததும் ஏணியை எடுத்துக் கராஜில் வையுங்கள். ஏணி நின்றால் தவழும் குழந்தையும் ஏறும். நாங்கள் அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறோம் என்கிறீர்கள். காயங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் நடந்தவை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பார்ப்பது போதாது. பக்கத்தில் நின்று, இரண்டாவது பிள்ளை ஏறும்போது இறங்கு என்று சொல்ல வேண்டும். வந்த விருந்தினர் முகம் சுளிப்பார்களே என்று தயங்காதீர்கள். வேலி பாய்ந்து வரும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் உங்கள் வளவில் நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் வீட்டுக் காப்புறுதி டிராம்போலினை ஏற்கிறதா என்று ஒரு முறை தொலைபேசியில் கேளுங்கள். சில நிறுவனங்கள் ஏற்பதில்லை.

காற்றையும் மறந்துவிடாதீர்கள். 2022 மே 21 அன்று ஒன்ராறியோவைச் சூறையாடிய புயல் நினைவிருக்கிறதா? வலையோடு நிற்கும் டிராம்போலின் காற்றுக்குக் கப்பற்பாய் மாதிரி. நிலத்தில் திருகி இறக்கும் நங்கூரங்களால் கால்களைக் கட்டுங்கள். காற்று எச்சரிக்கை வந்தால் முதலில் வலையை அவிழ்த்துவிடுங்கள்.

இலையுதிர்காலத்தில் விழும் இலைகளை விரிப்பில் குவிய விடாதீர்கள். ஈர இலை வழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், ஸ்பிரிங்குகளைக் கறளாக்கும். முதற்பனிக்கு முன் வலை, பஞ்சு உறை, விரிப்பு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்து உள்ளே எடுங்கள். ஸ்பிரிங் கழற்ற அதற்கென்ற கொளுக்கி இருக்கிறது, கையுறை போடுங்கள். வரிசையாகக் கழற்றாமல் ஒன்றைக் கழற்றினால் அதற்கு நேரெதிரே உள்ளதை அடுத்ததாகக் கழற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இழுவை ஒரு பக்கமாகிச் சட்டம் வளையும். வசந்தத்தில் பூட்டும்போதும் இதே முறைதான்.

கழற்றாமல் விட்டால் என்ன? பன்னிரண்டு அடி டிராம்போலினில் இறுகிப்போன பனி ஓரடி நின்றால் அதன் பாரம் 400 கிலோவைத் தாண்டும். மாதக்கணக்கில் அதைச் சுமந்த ஸ்பிரிங்கில்தான் மே மாதம் உங்கள் பிள்ளை குதிக்கும். கழற்ற முடியாமல் போனால் பனியைத் தும்புத்தடியால் தள்ளுங்கள். இரும்புச் சவள் விரிப்பைக் கிழிக்கும், உப்பு இரும்பைத் தின்னும். குளிர்காலத்தில் பிள்ளைகளை அதில் ஏற விடவே வேண்டாம்.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழற்றி இரும்புக் கழிவுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கறள் பிடித்த ஸ்பிரிங்கோடும் இற்றுப்போன வலையோடும் அதை இலவசம் என்று இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள். அங்கே குதிக்கப் போவதும் ஒரு பிள்ளைதான்.