மகாபொலக் காசும் 16 இலக்கமும்

கம்பசில படிக்கிற எங்களில் அநேகம் பேரிட்ட இருக்கிறது ஒரேயொரு வங்கிக் கணக்குத்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆகக் கூட்டப்பட்ட மகாபொல விழுறதும் அதுக்குள்ளதான், வீட்டில இருந்து அம்மா போடுறதும் அதுக்குள்ளதான். போடிங் வாடகையும் அதிலிருந்துதான் போகவேணும். அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிற டெபிட் கார்டின் 16 இலக்கத்தையும் பின்பக்கத்து 3 இலக்கத்தையும் முன்பின் தெரியாத இணையக் கடைகளுக்குக் கொடுக்கிறது இப்ப சாதாரணமாகிவிட்டது. "ஓடிபி வந்தாத்தானே காசு போகும்?" எண்டு கேட்கிறார்கள்.

அப்பிடி இல்லை. வெளிநாட்டுக் கடைகள் பல, கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, அந்த 3 இலக்கம் ஆகியவற்றோடேயே காசை எடுத்துக்கொள்ளும். 'ஒரு மாதம் இலவசம்' எண்டு கார்டைப் பதிஞ்சு வைத்தால், இரண்டாம் மாதம் காசு கழியும்போது யாரும் எங்களைக் கேட்கப் போறதில்லை. கிரெடிட் கார்டில் பிழையாக ஒரு தொகை போனால் முதலில் மாட்டுப்படுறது வங்கியின் காசு. டெபிட்டில் மாட்டுப்படுறது எங்கட காசு. முறைப்பாடு கொடுத்து, படிவம் நிரப்பி, விசாரணை முடிந்து காசு திரும்பி வருமட்டும் சாப்பாட்டுக் கடை அண்ணை கொப்பியில் எழுதிக்கொண்டே இருப்பாரா?

அதனாலதான் இணையக் கொள்வனவுக்கு முற்பணக் கார்ட் நல்லது எண்டு சொல்கிறோம். விசயம் ஒண்டும் புதுசில்லை, போனுக்கு ரீலோட் போடுற மாதிரித்தான். 2000 ரூபா போட்டால் 2000 ரூபாவுக்குள்தான் விளையாட்டு. இலக்கம் களவு போனாலும் கள்ளனுக்குக் கிடைக்கிறது அந்த மிச்சம் மட்டும். தபால் திணைக்களத்தின் பெயரில், 'உங்கள் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்' எண்டு போலிக் குறுஞ்செய்திகள் வந்து, திணைக்களமே மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தியை நம்பி ஒருவர் கொடுக்கிற இலக்கம் எந்தக் கணக்கின் வாசலைத் திறக்கிறது என்பதுதான் கேள்வி.

பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற முறை இருக்கே எண்டு சிலர் சொல்லுவினம். உள்ளூர்க் கடைக்கு அது சரி (பெட்டியைப் பிரிக்க முதல் காசைக் கேட்கிறது வேறு கதை). வெளிநாட்டு இணையக் கற்கைக்கோ மின்னூலுக்கோ அது உதவாது.

இதில் இரண்டு வகையைக் குழப்பக்கூடாது. வங்கி தருகிற வீசா, மாஸ்டர்கார்ட் முற்பணக் கார்ட் பல கடைகளிலும் செல்லும். தொலைந்தால் வங்கிக்கு அழைத்து நிறுத்தலாம். கிஃப்ட் கார்ட் அப்பிடியில்லை, அது ஒரு கடைக்குரியது. நாடும் பார்க்கும்: கனடாவில இருக்கிற சித்தப்பா ஆசையாக அனுப்புற அமேசான் கார்ட் அமேசானின் கனடாக் கடையில்தான் செல்லும், அமெரிக்கக் கடையில் செல்லாது. அதுக்கு மேல, கிஃப்ட் கார்டின் இலக்கம் காசுத்தாள் மாதிரி. யார் முதலில் பாவிக்கிறாரோ அவருக்கே சொந்தம்.

அந்தக் குணம் தெரிஞ்சுதான் மோசடிக்காரரும் அதைக் கேட்கிறார்கள். 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, இந்த நம்பருக்கு ரீலோட் போட்டுவிடுங்கோ' எண்டு முந்தி வந்த அழைப்புகளின் புது உடுப்புத்தான் 'கிஃப்ட் கார்ட் வாங்கி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ' என்பது. கடனையோ, தண்டப்பணத்தையோ, வேலைக்கான முற்பணத்தையோ கிஃப்ட் கார்டில் கட்டச் சொல்கிற உண்மையான அலுவலகம் எங்கும் இல்லை. பேஸ்புக்கில் பாதி விலைக்கு விற்கிற ஸ்டீம், கூகுள் பிளே கார்டுகளும் ஆபத்துத்தான். ஏற்கெனவே பாவித்த இலக்கமாக இருக்கலாம், திருட்டுக் கார்டில் வாங்கிப் பிறகு முடக்கப்படுகிற இலக்கமாகவும் இருக்கலாம். பாதுகாப்புக்கெண்டு வாங்கிற சாமானை அங்கே போய் வாங்கிறது எங்களுக்கு விளங்கவேயில்லை.

இருந்தாலும் எல்லாப் பொறுப்பையும் மாணவர் தலையில் கட்டிவிடுறதையும் எங்களால் ஏற்க முடியாது. முற்பணக் கார்டுக்கு விண்ணப்பக் கட்டணம், வருசக் கட்டணம், ஒவ்வொரு முறை காசு போடவும் கட்டணம் எண்டு வைத்தால், 1500 ரூபாப் புத்தகம் வாங்கிறவர் பேசாமல் டெபிட் கார்டுக்கே திரும்பிப் போவார். புதுமுக மாணவருக்குக் கணக்குத் திறக்கவெண்டு கம்பஸ் வாசலில் மேசை போடுகிற வங்கிகள், அந்த மேசையிலேயே கட்டணமில்லாத இரண்டாவது கார்ட் ஒன்றையும் கொடுக்கட்டும். காசை அதே செயலியில் இருந்து மாற்றிக்கொள்கிறோம். டெபிட் கார்டின் இணையப் பாவனையை நாங்கள் கேட்குமட்டும் பூட்டியே வைக்கட்டும். அடுத்த அணி உள்ளே வர முதல் மாணவர் ஒன்றியம் இதை வங்கி முகாமையாளர்களிடம் எழுத்தில் கேட்க வேணும்.