ஆங்கிலம் அறிவோம்: ‘அல்’ என்று தொடங்கும் சொற்கள்



“மகள் குர்ஆனைத் தஜ்வீதோடு அழகாக ஓதுகிறாள். ஆங்கிலக் கொப்பியைத் திறந்தால் மட்டும் கண் கலங்குகிறாள். ‘இது நம்மட பாஷை இல்லையே உம்மா’ என்கிறாள்.” அண்மையில் ஒரு தாய் என்னிடம் இப்படிச் சொல்லிக் கவலைப்பட்டார். அந்தப் பிள்ளைக்காகவும் அவளைப் போன்ற ஏனைய பிள்ளைகளுக்காகவும் இம்மாதம் ‘ஏ’, ‘எல்’ ஆகிய இரண்டு எழுத்துக்களோடு தொடங்கும் சில ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம்.

அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘அல்’ வருவதை மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். கி.பி. 711 முதல் 1492 வரை ஸ்பெயினின் ஏதாவதொரு பகுதியிலேனும் முஸ்லிம்களின் ஆட்சி நிலவியது. குறிப்பாக 12ஆம் நூற்றாண்டில் அங்கே அரபு நூல்கள் பல லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. ஐரோப்பியர் ‘அல்’லையும் சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொண்டனர். அது அப்படியே ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது.

1. அல்ஜிப்ரா: பொருள், அட்சரகணிதம். அரபுச் சொல் ‘அல்ஜப்ர்’. உடைந்ததைப் பொருத்துதல், குறைந்ததை நிரப்புதல் என்று அர்த்தம். கலீபா அல்மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரில் இச்சொல் இருக்கிறது. ஓர் எண்ணில் 5 குறைந்தால் மீதி 10 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 5ஐ இருபுறமும் நிரப்பினால் அந்த எண் 15 என்று தெரிந்துவிடும். இந்த ‘நிரப்புதல்’தான் அல்ஜப்ர். இரண்டு ஸுஜூதுகளுக்கு இடையில் ஓதும் துஆவில் ‘வஜ்புர்னீ’ என்கிறோமே, என் குறைகளை நிரப்பிச் சீராக்குவாயாக என்று, அதுவும் இதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். எழுதும்போது ‘ஜே’ போடாதீர்கள். இங்கே ஜீமுக்கு வருவது ‘ஜி’.

2. அல்கோரிதம்: ஒரு கணக்கையோ வேலையையோ முடிப்பதற்கான ஒழுங்கான படிமுறை. கணினி இயங்குவதே இதனால்தான். இது ஒரு பொருளின் பெயரிலிருந்து வந்ததல்ல, ஒரு மனிதரின் பெயர். அல்குவாரிஸ்மி என்பதை லத்தீனில் ‘அல்கோரித்மி’ என்று எழுதினார்கள்.

3. அல்கலி: பொருள், காரம். அரபியில் ‘அல்கலீ’ என்பது உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பல். சவர்க்காரமும் கண்ணாடியும் செய்ய அது பயன்பட்டது. பொற்றாசியத்தின் குறியீடு ஏன் ‘கே’ என்று விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. அதன் லத்தீன் பெயர் ‘காலியம்’. அதுவும் இந்தச் சாம்பலிலிருந்து வந்ததே.

4. அல்கஹோல்: பாடநூலில் ‘அற்ககோல்’. இதன் மூலம் ‘அல்குஹ்ல்’, அதாவது கண்ணுக்கு இடும் சுருமா! ஐரோப்பியர் முதலில் எந்த நுண்ணிய தூளையும் இப்பெயரால் அழைத்தனர். பிறகு வடித்தெடுத்த சாரத்துக்கும், கடைசியில் மதுவின் சாரத்துக்கும் அதுவே பெயராயிற்று. எழுதும்போது நடுவிலுள்ள ‘எச்’ எழுத்தைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். குஹ்லில் உள்ள ‘ஹா’வை நினைத்தால் அது மறக்காது.

5. அல்கோவ்: அறைச் சுவரில் உள்வாங்கி அமைத்த சிறு இடம். மூலம் ‘அல்குப்பா’. பள்ளிவாசலின் குப்பாவைத் தெரியாதவர் நம்மில் உண்டா?

6. அஸிமத்: இதில் ‘எல்’ இல்லையே என்பீர்கள். ‘அல்’லுக்குப் பின் ஷம்ஸிய்யா எழுத்து வந்தால் லாம் மறைந்துவிடும் அல்லவா? ‘அஸ்ஸுமூத்’, அதாவது திசைகள், என்பதே அஸிமத் ஆயிற்று. வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளக்கும் திசைக்கோணம் என்பது இதன் பொருள். கொழும்பிலிருந்து கிப்லாவின் அஸிமத் ஏறக்குறைய 295 பாகை, அதாவது நேர்மேற்கிலிருந்து 25 பாகையளவு வடக்காக. முதல் ஐந்து சொற்களையும் திரும்பப் பாருங்கள். ‘அல்’லுக்குப் பின் வருபவை ஜீம், கா, காஃப், காஃப் என எல்லாம் கமரிய்யா எழுத்துக்களே. மத்ரஸாவில் படித்த பாடம் ஆங்கிலப் பாடத்துக்கும் கைகொடுக்கிறது!

இனி ஓர் எச்சரிக்கை. ‘அல்’ என்று கண்டவுடன் எல்லாம் அரபு என்று சொல்லிவிடக் கூடாது. அல்பபெட் என்பது கிரேக்க எழுத்துக்களான அல்பா, பீட்டா இரண்டும் சேர்ந்தது. அல்பம் லத்தீன், வெண்மை என்று பொருள். அலாரம் ‘ஆயுதம் ஏந்துங்கள்’ என்ற இத்தாலியக் கூவலிலிருந்து வந்தது. நம் வீட்டு அலுமாரியைக்கூட அரபு என்று நினைப்போர் உண்டு. அது லத்தீனில் பிறந்து, போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடைகளில் சிலர் ஆதாரமில்லாமல் எல்லாவற்றையும் ‘நம்முடையது’ என்று முழங்குகிறார்கள். அதை நம்பிப் பேசும் பிள்ளை வகுப்பில் தலைகுனிய நேரிடும். அறிவும் ஓர் அமானிதம். அல்குவாரிஸ்மி இந்திய எண்களைப் பற்றி எழுதிய நூலில், அவை இந்தியருடையவை என்பதை மறைக்கவில்லை. தெரிந்ததைப் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டார். பெற்றதை உலகுக்குக் கொடுத்தார். நமக்கு அந்த வழிதான் அழகு.

ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று நம் முன்னோர் பலர் அஞ்சிய காலமும் இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கப் பாடுபட்டவர் அறிஞர் சித்தி லெப்பை (1838–1898). 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையும் அதற்குத் துணைநின்றது. ஆகவே தாய்மாரே, பிள்ளை அழுதால் ஏசாதீர்கள். குர்ஆன் ஓதும் உன் நாவுக்கு இந்தச் சொற்களில் சில ஏற்கெனவே பழக்கமானவை என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும்.

இம்மாதப் பயிற்சி: அட்மிரல், கொட்டன், மெகஸின். மூன்றும் அரபு வேருள்ளவை. நல்ல அகராதியொன்றை எடுத்து மூலத்தைத் தேடிக் கொப்பியில் எழுதுங்கள். மூன்றாவது சொல் உங்கள் கையிலேயே இருக்கிறது!

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.