வீங்கிய காலிலிருந்து தொடங்குங்கள்

மாண்புமிகு மத்திய சுகாதாரத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

யானைக்கால் நோயை ஒழிக்க உலகம் 2030-ஐக் கெடுவாக வைத்திருக்க, இந்தியா 2027-க்குள் முடித்துக்காட்டுவதாக உறுதியளித்திருக்கிறது. முன்பு 2015 என்று வைத்த கெடு தவறிப்போனது. இதுவும் தவறிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன். மாத்திரை வழங்குவதில் காட்டும் முனைப்பை, ஏற்கெனவே கால் வீங்கியவர்களைப் பராமரிப்பதிலும் அரசு காட்ட வேண்டும். அப்போதுதான் மாத்திரையும் தன் வேலையைச் செய்யும்.

மருந்துக்கு இன்று பஞ்சமில்லை. 1997-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. 2000-இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அல்பெண்டசோலை ஜிஎஸ்கே நிறுவனமும், ஐவர்மெக்டினை மெர்க் நிறுவனமும், டி.இ.சி. மாத்திரையை ஜப்பானின் ஈசாய் நிறுவனமும் இலவசமாகத் தர முன்வந்தன. இந்தக் கூட்டு முயற்சியின் பலனாக இலங்கையும் மாலத்தீவும் 2016-இலும், பங்களாதேஷ் 2023-இலும் நோயை ஒழித்ததற்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றன. அண்டை நாடுகளால் முடிந்தது நம்மாலும் முடியும். ஆனால் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களில் நோய் இன்னும் விடைபெறவில்லை.

இந்த மருந்துகள் ரத்தத்தில் திரியும் நுண்புழுக்களை அழிக்கின்றன. நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும் தாய்ப்புழுக்களோ பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதனால்தான், நோய் பரவும் பகுதியில் நலமாகத் தோன்றுபவர்களும் ஆண்டுதோறும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் ஒவ்வொரு சுற்றிலும் சாப்பிட்டாக வேண்டும். இது மாத்திரையைக் கையில் வாங்கியவர்களின் கணக்கு அல்ல, விழுங்கியவர்களின் கணக்கு. உடம்பில் நுண்புழு இருப்பவருக்கு அது சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரலாம். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. ஆனால் மறுநாள் வந்து அதை எடுத்துச்சொல்ல ஆளில்லாவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வீட்டின் கதவு திறக்காது. தெருவில் ஒருவர் வீங்கிய காலோடு கவனிப்பாரற்றுக் கிடக்கும்போது, “உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறோம்” என்ற பேச்சை அக்கம்பக்கத்தார் எப்படி நம்புவார்கள்?

பழைய நோயாளிக்குச் செலவிடுவதால் நோய்ப்பரவல் நிற்காதே என்று சிலர் கேட்கலாம். நேரடியாக நிற்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு பெரியதும் அல்ல. காலைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு தடவினாலே அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் வெகுவாகக் குறைகின்றன. இந்நோயால் வரும் விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். நோயாளிகளுக்கான பராமரிப்பு கிடைக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாட்டின் ஒழிப்பை ஏற்கிறது. நோயைப் பரப்பும் கொசுவை ஒழித்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. தேங்கிய சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் சாக்கடை சீராகும்வரை மனித உடம்பில் இருக்கும் புழு காத்திருக்காது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

பராமரிப்பு நம் தேசியத் திட்டத்தின் ஏட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மாத்திரைக்கு முன்னால் வீடு வந்து சேரச்செய்யுங்கள். ஊர்வாரியாக நோயாளிகளைப் பதிவுசெய்து, சோப்பும் களிம்பும் தடையில்லாமல் கிடைக்கவும், விரைவீக்க அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் காத்திருப்பின்றி நடக்கவும் ஆணையிடுங்கள். ஆஷா பணியாளர் தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைக்கவும், மறுநாள் அதே வீட்டுக்குச் சென்று நலம் விசாரிக்கவும் அவருக்கு நேரமும் ஊதியமும் கொடுங்கள். விநியோகித்த எண்ணிக்கையை விட்டு, விழுங்கியவர்களின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். நோய் ஒழிந்ததாக அறிவிக்கும் நாளிலும், இன்று வீங்கியிருக்கும் கால்கள் வீங்கியேதான் இருக்கும். அந்த நோயாளிகளுக்கும் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டுமென்றால், பராமரிப்பு இன்றே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத்தில் அக்கறையுள்ள குடிமகன்