மரை கழன்ற கதை

புத்தி பேதலித்தவனை மரை கழன்றவன் என்று ஏசுவது நம் பக்கத்து வழக்கம். அச்சொல்லை எத்தனையோ முறை கேலியாகப் பயன்படுத்தியிருக்கிறோம். மரை மெய்யாகவே கழன்றால் என்ன நேரும் என்பதைச் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சி சாலையில்தான் கண்ணாரக் கண்டோம்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன டூ ஸ்ட்ரோக் வண்டி. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி., ஆற்றல் 11 குதிரைத் திறன். இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு இத்தனை புகழ் எப்படி வந்தது என்பதை ஒருமுறை ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வண்டிக்கு வேறொரு மதிப்பும் உண்டு. எங்களுள் ஒருவரின் காலஞ்சென்ற தந்தையார் நாள்தோறும் பள்ளிக்கூடம் போய்வந்த வண்டி அது. "அப்பா வண்டிடா, பாத்துப் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். நாங்கள் பார்த்துத்தான் செய்தோம் என்று இன்று சொல்ல நா எழவில்லை.

செய்தவை மூன்று. புகை வெளியேறும் போர்ட்டின் மேல்விளிம்பை அரத்தால் ராவி உயர்த்தினோம். வயிறு பருத்த சைலன்சர் ஒன்றை மாட்டினோம். காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்தோம். காற்று மிகுதியாக உள்ளே வந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகவேண்டும். கார்புரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதைப் பிளக்கின் முனையின் நிறம் சொல்லும். காபிப் பொடியின் இளம்பழுப்பு என்றால் சரி. கரியும் எண்ணெயும் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் கொதிக்கிறது என்று பொருள். அறிந்தவர்கள் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து வருவார்கள். நாங்கள் சிறியதில் தொடங்கி மேலே போனோம். பிஸ்டனில் ஓட்டை விழாமல் தப்பியது எங்கள் திறமையால் அன்று.

இரண்டு வாரங்களில் இருபது முறையாவது பிளக்கைக் கழற்றியிருப்போம். ஒவ்வொரு முறையும் எஞ்சின் சூட்டில் கழற்றி, நிறம் பார்த்து, அதே சூட்டில் நீண்ட பிடியுள்ள ஸ்பேனரால் இறுக்கினோம். ஆறும்வரை காத்திருக்க எவருக்கும் பொறுமை இல்லை. அந்த ஞாயிறன்று மூன்றாம் கியரில் முழுவேகத்தில் முறுக்கியபோது ஓலை வெடிபோல் ஒரு சத்தம். வண்டி அடங்கி நின்றது. பிளக்கு ஹெட்டில் இல்லை. பெட்ரோல் டேங்கின் அடிவயிற்றில் மோதி அதை நெளித்துவிட்டு, தன் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மரையைச் சுற்றி அலுமினியம் சுருள்சுருளாக ஒட்டியிருந்தது. மேலே பெட்ரோல், கீழே பெட்ரோல் ஆவி கக்கும் துளை, நடுவே பொறி எழுப்பும் பொருள். ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் இறங்கி வெகுநேரம் பேசவில்லை.

முதலில் பழியைப் பிளக்கின் மீதுதான் போட்டோம். போலி என்றோம், மட்டமான சரக்கு என்றோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது வாய் அடைத்துப்போனது. பிளக்கின் மரை 14 மி.மீ. விட்டம், அதன் பரப்பு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர செ.மீ. வெடிப்பின் உச்ச அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் நாற்பது மடங்கு என்று கொண்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் ஓர் ஆள் எடை, அறுபது கிலோ, பிளக்கை வெளியே தள்ளுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால் நொடிக்கு 125 முறை. இத்தனையையும் தாங்கிப் பிடிப்பது அரை அங்குல நீளமுள்ள அலுமினிய மரை. எஃகு மரை கொண்ட பிளக்கைச் சூட்டில் நெகிழ்ந்திருக்கும் அலுமினியத்துக்குள் மீண்டும் மீண்டும் நெரித்து அதைக் கொன்றவர்கள் நாங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, விரலாலேயே முடிந்தவரை திருகி, புது பிளக்கானால் அதன்மேல் அரைச்சுற்று, ஏற்கெனவே பயன்படுத்தியதானால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று. தேவையான இறுக்கம் அவ்வளவுதான்.

பழுது நீக்கும் வழிகள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டவை பல. செம்புக் கம்பியிழையைச் சுற்றித் திருகு என்றார் ஒருவர். ஒட்டுப்பசை வைத்து அடை என்றார் இன்னொருவர். இவற்றைச் சொல்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவது நல்லது. பிளக்கு தன் வெப்பத்தை மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. நடுவில் பசையும் கம்பியும் வந்தால் அந்த வெப்பம் போகும் வழி கெடும். முனையின் சூடு 800 டிகிரியைத் தாண்டிப்போனால் பொறி வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். மறுபடி பறக்கும் ஆபத்து அதற்கு மேல்.

கோவையில் ஒரு லேத் பட்டறைக்கு ஹெட்டைக் கழற்றி எடுத்துப் போனோம். பட்டறைக்காரர் துளையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "ஏந்தம்பி, சூட்டுல கழட்டி சூட்டுலயே முறுக்குனீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதே அவருக்குப் பதிலாயிற்று. எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே வைப்பது ஒரு முறை, முழு புஷ் வைப்பது இன்னொரு முறை என்றார். சுருளும் நல்லதுதான், ஆனால் "உங்களாட்டம் அடிக்கடி கழட்டுறவங்களுக்கு" அது பிளக்கோடு சேர்ந்து வந்துவிடக்கூடும். எனவே புஷ். துளையைப் பெரிதாக்கி, டேப் அடித்து, வெளியே பெரிய மரையும் உள்ளே 14 மி.மீ. மரையும் கொண்ட புஷ்ஷை இறக்கி, கீழ்விளிம்பைப் பஞ்சால் தட்டிப் பூட்டினார். புஷ் வெடிப்பறைக்குள் ஒரு நூலளவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் அது பழுத்துச் சிவந்து தீ மூட்டும். உள்வாங்கினாலும் வெற்று மரையில் கரி படியும்.

ஹெட்டைக் கழற்றாமல் வண்டியிலேயே டேப் அடித்துத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் அதற்கு இடம்கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. அலுமினியச் சீவல் திறந்த போர்ட் வழியே கீழே இறங்கினால் கிராங்க் பேரிங் வரை போகும். வால்வு இல்லாத அந்த ஹெட்டைக் கழற்ற அரைமணி நேரம் போதும். புது கேஸ்கெட் வைத்து, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி மாட்டினோம். (பொறிச்செருகி, உள்ளறை என்றெல்லாம் எழுத ஆசைதான். பட்டறையில் அப்படிக் கேட்டிருந்தால் மெய்யாகவே மரை கழன்றவர்கள் என்று எண்ணியிருப்பார்கள்.)

சட்டம் பற்றியும் ஒரு சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். அறியாமல் செய்தோம் என்று சொல்லமாட்டோம்.

வீட்டு மாற்றமே தகாது என்பதல்ல எங்கள் வாதம். எஞ்சினை ஒருமுறையேனும் பிரித்துப் பார்க்காதவனுக்கு வண்டி வெறும் சத்தம்தான். ஆனால் திருப்ப முடிந்த வேலை, திருப்ப முடியாத வேலை என்ற பகுப்பை முதலில் செய்திருக்க வேண்டும். சைலன்சரும் வடிகட்டியும் ஜெட்டும் மீண்டும் பழையபடி ஆகிவிட்டன. மரையும் முன்னைவிட உறுதியாக நிற்கிறது. அரத்தால் ராவிய போர்ட்டை எந்தப் பட்டறையும் திருப்பித் தராது. குறைந்த வேகத்தில் மேட்டில் ஏறும்போது இருந்த அந்தப் பழைய இழுவை இப்போது இல்லை. அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அவர் வர்ற சத்தம் இது இல்லையே" என்றார்.

ராவப்படாத பழைய சிலிண்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.