கடலில் யாருக்கு வழி? – கைட்சர்ஃபிங்கும் 'எல்' போர்டும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். கடல், காற்று, பட்டம் எதிலும் ஆர்வம் இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் பி.கு.வை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். குடும்பத்தோடு கோவா வருகிறவர்களுக்கு உதவும்.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவனுக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு நீச்சலே சுமார்தான். சம்பந்தம் என் மகளுக்கு. நான் கோவாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு, இரண்டு சீசனாக அவள் மோர்ஜிம் பக்கம் கைட்சர்ஃபிங் பழகுகிறாள். வெயில் ஏறும் மாதங்களில் மதியத்துக்கு மேல் இங்கே கடல்காற்று நன்றாக வீசும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கரையில் உட்கார்ந்திருப்பது எனக்கும் தங்கமணிக்கும் வேலை. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு விதிமுறை படிப்பதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? வங்கி சர்க்குலர் படித்துப் பழகிய கண் :-)

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். காலில் பலகை, இடுப்பில் ஹார்னஸ், கையில் ஒரு பார். பாரிலிருந்து 20 முதல் 25 மீட்டர் நீளத்துக்கு நாலைந்து நூல். நூலின் மறுமுனையில் 9 அல்லது 12 சதுர மீட்டரில் ஒரு பட்டம், அதாவது நம்ம குவார்ட்டர்ஸ் பெட்ரூம் அளவு. பட்டம் இழுக்க, ஆள் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போகிறார். பிரான்சைச் சேர்ந்த லெகெனு சகோதரர்கள் 1984-ல் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். நாற்பது வருஷம் கழித்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், இது பதக்க விளையாட்டாகவும் ஆகிவிட்டது.

சென்னையில் காத்தாடி விட்டவர்களுக்கு டீல் போடுவதுதான் விளையாட்டே. இங்கே அது நேர்மாறு. இரண்டு பேருடைய நூல் சிக்கினால் பட்டங்கள் சுழல ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளை வெட்டி இழுக்கும். அதனால்தான் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்கு விதிகள் வைத்திருக்கிறார்கள். முக்கியமானவை இவை:

1. கரையிலிருந்து கிளம்புகிறவருக்கு, கரைக்குத் திரும்புகிறவர் வழிவிட வேண்டும்.

2. எதிரெதிரே வந்தால் வலது கை முன்னால் இருப்பவருக்கு முதல் உரிமை. இடது கை முன்னால் இருப்பவர் ஒதுங்க வேண்டும்.

3. ஒரே திசையில் போனால், காற்று வரும் பக்கம் இருப்பவர், காற்று போகும் பக்கம் இருப்பவருக்கு இடம் கொடுக்க வேண்டும். முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும்.

4. தாண்டும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர் பட்டத்தை உயர்த்த வேண்டும், மற்றவர் தாழ்த்த வேண்டும். அப்போதுதான் நூல் சிக்காது.

5. எகிறிக் குதிக்க ஆசைப்பட்டால், காற்று போகும் பக்கம் 50 மீட்டரும் வரும் பக்கம் 30 மீட்டரும் காலியாக இருக்க வேண்டும்.

6. குளிக்கிறவர், நீந்துகிறவர், வலை இழுக்கிறவர் எல்லாருக்கும் பட்டக்காரர்தான் வழிவிட வேண்டும்.

நல்ல விதிகள். இதில் எங்கேயாவது 'புதியவர்', 'அனுபவசாலி' என்ற வார்த்தை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை. என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

போன மார்ச்சில் மகள் இடது கை முன்னால் வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே பல வருஷ அனுபவம் உள்ள ஒருவர், வலது கை முன்னால். விதி எண் 2-ன்படி இவள்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கப் பார்த்தாள். அவசரத்தில் பட்டத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். அவர் நேராகவே வந்தார். நூல் சிக்கியது. இவள் குவிக் ரிலீஸைத் தட்டிவிட்டதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. கரைக்கு வந்தவர் சொன்னது ஒரே வாக்கியம். "ரூல்படி எனக்குத்தான் வழி."

ரூல்படி அவர் சொன்னது சரிதான், பாதிவரைக்கும். மீதிப் பாதி இந்த விதிகளின் தாய்வீட்டில் இருக்கிறது. கைட்சர்ஃபிங் விதிகளில் பல, பாய்மரப் படகு விதிகளிலிருந்து வந்தவை. கடலில் மோதல் தவிர்க்க 1972-ல் செய்துகொண்ட பன்னாட்டு விதிகளை எடுத்துப் பாருங்கள். அதில் 'வழிவிட வேண்டிய கலம்' என்று ஒன்று, 'போக்கை மாற்றாமல் தொடர வேண்டிய கலம்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் கொடுக்கப்பட்டிருப்பது கடமை. முதலாவது சீக்கிரமாகவும் தெளிவாகவும் விலக வேண்டும். இரண்டாவது, மற்றவர் கணிக்க வசதியாக ஒரே சீராகப் போக வேண்டும். அதோடு முடியவில்லை. 17-ஆம் விதி, எதிரே உள்ளவர் விலகுவதால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால், தொடரும் கலமும் தன்னால் ஆனதைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது. 2-ஆம் விதி, உடனடி ஆபத்தைத் தவிர்க்க விதியிலிருந்து விலக வேண்டியும் வரலாம் என்கிறது.

ஆக, "எனக்குத்தான் வழி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக் கடல் சட்டம் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. விழுந்து கிடக்கிற பட்டம் விலகாது. அதைப் பார்த்த நொடியிலேயே கடமை கை மாறிவிடுகிறது.

இதற்கு மேல் ஒரு காரணமும் இருக்கிறது. எந்த வழி விதியும் இரண்டு பேருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது என்று நம்பித்தான் எழுதப்படுகிறது. புதியவரிடம் இல்லாதது அதுதானே? அவரால் காற்றை எதிர்த்து ஏறிப் போக முடியாது. காற்று தள்ளுகிற பக்கம் தள்ளிக்கொண்டே போய், எங்கேயோ கரையேறி, பலகையைத் தூக்கிக்கொண்டு மணலில் திரும்பி நடந்து வருவார். என் மகள் முதல் சீசனில் சறுக்கியதைவிட நடந்ததுதான் அதிகம். அனுபவசாலியால் ஏறியும் போக முடியும், இறங்கியும் வர முடியும். எங்கே இருப்பது என்று தேர்ந்தெடுக்கிற வசதி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் முதலில் விலக வேண்டும். இதைத் தாராள மனசு என்று சொல்லிப் பெரிதாக்க வேண்டாம். முடிந்தவர் செய்வது, அவ்வளவுதான்.

அடுத்தது கத்தல். கிட்டே வந்ததும் "ஏய், தள்ளு தள்ளு" என்று கத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். பாரைத் தன் பக்கம் இழுத்தால் பட்டத்தின் இழுவை கூடும், விட்டால் குறையும். பயந்தவன் என்ன செய்வான்? பஸ்ஸில் பிரேக் போட்டால் கம்பியை இறுக்கிப் பிடிப்பது மாதிரி, பாரை நெஞ்சோடு சேர்த்து இழுப்பான். அதாவது நீங்கள் கத்துவது, அவன் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்குச் சமம். மரியாதை இங்கே வெறும் நாகரிகம் அல்ல, இயந்திர விஷயமும்கூட.

இப்போது அடுத்த தரப்பு. அனுபவசாலிகள் சொல்லும் குறைகளையும் நான் கேட்டிருக்கிறேன். நல்ல காற்று ஒரு நாளைக்கு மூன்று நாலு மணி நேரம்தான். அதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்து வருகிறார்கள். வந்து பார்த்தால், கிளம்பும் இடத்திலேயே நூலைப் பரப்பிவைத்து அரை மணி நேரம் யோசிக்கிற புதியவர். நடுவழியில் பட்டத்தைப் போட்டுவிட்டு மிதக்கிற இன்னொருவர். திரும்பிப் பார்க்காமல் திடீரென்று திசை மாற்றுகிற மூன்றாமவர். கோபம் வராதா? வரும். வங்கியில் ஒரே கவுண்டரில் ஒருவர் பத்து செலான்களையும் அங்கேயே நின்று நிரப்பினால், பின்னால் இருக்கிறவர்கள் என்னை முறைப்பார்கள், தெரியும்.

அதனால் புதியவருக்கும் கடமை உண்டு. "நான் இப்பத்தான் கத்துக்கறேன்" என்பது காரணமாக இருக்கலாம், சாக்காக இருக்கக் கூடாது. என் கணக்கில் அவர் செய்ய வேண்டியவை:

- பலகையில் ஏறும் முன்பே மேலே சொன்ன ஆறு விதிகளும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். சறுக்கத் தெரியாமல் இருக்கலாம். விதி தெரியாமல் இருக்கக் கூடாது.

- கண்ணை மூடிக்கொண்டு குவிக் ரிலீஸைத் தொடத் தெரிய வேண்டும். இந்தப் பாகத்துக்கு 2020-ல் ஐ.எஸ்.ஓ. தரநிர்ணயமே வந்துவிட்டது. ஆனால் தரமான பூட்டு இருந்து என்ன, கை போகவில்லை என்றால்?

- கூட்டத்திலிருந்து விலகி, காற்று போகும் பக்கமாக நடந்து போய்ப் பழக வேண்டும். விழுந்தால் மற்றவர் பாதையில் விழக் கூடாது.

- திசை மாற்றும் முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தனக்கு உரிமை இருக்கும்போது, பயந்து அங்கும் இங்கும் ஆடாமல் ஒரே சீராகப் போக வேண்டும்.

- காற்று ஏறினால் கரையேற வேண்டும். இழுவை காற்றின் வேகத்துக்கு வர்க்க விகிதத்தில் கூடும். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) காற்று 20 நாட் ஆனால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, இழுவையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கூட்டு வட்டிக்காரனே இப்படி ஏற்ற மாட்டான்.

சரி, அனுபவசாலி விலக வேண்டும் என்றால், எதிரே வருகிறவர் புதியவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 100 மீட்டரில் எல்லாப் பட்டமும் ஒரே மாதிரிதான். இதற்கு நம் சாலையிலேயே பதில் இருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழகுநர் ஓட்டும் வண்டியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். அது இரண்டு பேருக்கும் பேசுகிறது. பின்னால் வருகிறவருக்கு 'இடைவெளி விடு' என்கிறது. ஓட்டுகிறவருக்கு 'நீ தனியாக ஓட்டக் கூடாது' என்கிறது.

கடலிலும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. பயிற்சிப் பள்ளியில் படிக்கும்வரை கூடவே ஆசிரியர் இருப்பார். சிக்கல் அதற்குப் பிறகுதான். பள்ளி முடிந்து, சொந்தப் பட்டம் வாங்கி, இன்னும் காற்றை எதிர்த்து ஏற வராத அந்த ஒன்றிரண்டு சீசன். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே நிறத்தில், தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற லைக்ரா பனியன் போட வேண்டும். காற்றை எதிர்த்து ஏறி, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வரத் தெரிந்த அன்றைக்குக் கழற்றிவிடலாம். செலவு சில நூறு ரூபாய். மகளிடம் சொன்னேன். "அப்பா, மானம் போகும்" என்றாள். நூலில் சிக்கினால் மானத்தோடு வேறு சிலதும் போகும் என்று தங்கமணி சொன்னாள். மகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இது கோவாவோடு முடிகிற விஷயமும் இல்லை. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கைட்சர்ஃபிங் வந்தாயிற்று. அங்கே காற்று இரண்டு பருவத்துக்கும் உண்டு. வள்ளமும் வலையும் காலங்காலமாக உண்டு. ஆறாவது விதி அங்கே முதல் விதியாக வேண்டும். பட்டம் நமக்குப் பொழுதுபோக்கு, வலை அவர்களுக்குச் சோறு.

ஊரை விட்டு வந்து வாழ்கிற நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. புது ஊரில் மொழி தெரியாமல், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழித்த நாட்கள் நம் எல்லாருக்கும் உண்டு. அப்போது "ரூல் தெரியாதா?" என்று கேட்டவர்களையும் நினைவிருக்கும், ஒரு அடி நகர்ந்து இடம் விட்டவர்களையும் நினைவிருக்கும். அதே சமயம், இடம் விட்டார்களே என்று நாம் அந்த ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளாமலும் இருந்துவிடவில்லை. முதல் வருஷம் அவர்கள் நகர்ந்தார்கள். அடுத்த வருஷம் புதிதாய் வந்தவருக்கு நாம் நகர்ந்தோம். கடலில் மட்டும் அது ஏன் வேறாக இருக்க வேண்டும்?

பி.கு.: கரையில் நிற்கும் குடும்பங்களுக்கு. பட்டம் பறக்கும் இடத்தில், காற்று போகும் பக்கம் நிற்காதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள். மணலில் கிடக்கும் நூலைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். யாராவது தலையில் தட்டிக்காட்டினால் 'பட்டத்தைப் பிடித்து இறக்க உதவுங்கள்' என்று அர்த்தம். பழக்கம் இல்லையென்றால் வீரம் காட்டாமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.