வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை எவ்வளவு நம்பலாம்? திண்டுக்கல்லில் நடப்பவர்களுக்கும் ஜிம் போகிறவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு முன்பே திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரச் சாலைகளில் நடைப்பயிற்சி தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும். இப்போது மணிக்கட்டில் பச்சை ஒளி மினுக்கும் வாட்சும் சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு பேச்சும். “அண்ணே, உங்களுக்கு எவ்வளவு காட்டுது?” “132.” “எனக்கு 98தான் காட்டுது. யாரோட வாட்ச் சரி?”

இரண்டுமே சரியாக இருக்கலாம், ஒன்று தவறாகவும் இருக்கலாம். எதை வாங்குவது என்பதைவிட, அந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கிறோம் என்பதே முக்கியம்.

ஏன் இந்த ஆர்வம்?

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அன்று காலை உடற்பயிற்சிக்குப் பிறகுதான் அவருக்கு உடல்நலம் குன்றியது. 2022-ல் நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவஸ்தவா டெல்லியில் ட்ரெட்மில்லில் ஓடும்போது சரிந்து விழுந்தார். அடுத்த மாதம் காலமானார். “ஜிம் போனாலே ஆபத்தா?” என்ற பயம் ஊர் ஊராகப் பரவியது.

18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களின் திடீர் மரணங்கள் பற்றி ஐசிஎம்ஆர் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, அளவு மீறிய குடி ஆகியவற்றோடு, இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் செய்த கடும் உடல் உழைப்பும் ஆபத்தோடு தொடர்புடையதாக அது சொன்னது. உடற்பயிற்சியே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக விரட்டக்கூடாது என்பதுதான் பாடம். அதே ஆண்டு நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் கீழ், மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தமிழக அரசு தொடங்கிவைத்தது. நடப்பவர்கள் கூடக் கூட, கருவிகளுக்கான தேடலும் கூடியது.

எப்படி அளக்கின்றன?

மணிக்கட்டு வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்துகிறது. ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்த அளவு ஏறி இறங்க, திரும்பிவரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. நெஞ்சில் கட்டும் பட்டை அப்படியல்ல. இதயத்தின் மின்துடிப்பையே ஈசிஜி போலப் பிடிக்கிறது. அதனால் துல்லியம் அதிகம்.

2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரிக் கணக்கிலோ மிக நன்றாகச் செயல்பட்ட கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. ‘இன்னைக்கு 500 கலோரி போச்சு, ரெண்டு பரோட்டா சேர்த்துச் சாப்பிடலாம்’ என்ற கணக்கு நிற்காது.

“நம்ம நிறத்துக்குச் சரியா காட்டாதாமே?” என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 2020-ல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வு, தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. அசைவுதான் பெரிய பிரச்சினை. சும்மா இருக்கும்போது உள்ளதைவிட அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது.

யாருக்கு எது?

தினமும் நடப்பவர்களுக்குச் சாதாரண மணிக்கட்டு பேண்டே போதும். ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எடை தூக்குபவர்களுக்கும், சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் நெஞ்சுப் பட்டைதான் பொருத்தம். கம்பியையோ ஹேண்டில்பாரையோ இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி, வாட்ச் தடுமாறும். வேகத்தைச் சட்டென்று கூட்டிக் குறைத்து ஓடுபவர்களுக்கும் இதே பதில்தான். நெஞ்சுப் பட்டை உறுத்துகிறது என்பவர்கள் மேற்கையில் கட்டும் பட்டையைப் பார்க்கலாம்.

வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி கட்ட வேண்டும். நெஞ்சுப் பட்டையின் உணரிகளை அணியும் முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் உப்பு படியும் என்பதால் பயிற்சி முடிந்ததும் பட்டையை அலசிக் காயவைப்பது அவசியம்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யலாம். உட்கார்ந்தபடி மணிக்கட்டு நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மாடிப்படி ஏறி இறங்கியதும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வாட்ச் அதை ஒட்டி வந்தால் நல்லது. திரும்பத் திரும்ப ரொம்பத் தள்ளிப் போனால் மாற்றிவிடலாம்.

எந்த எண் வரை போகலாம்?

220-லிருந்து வயதைக் கழிப்பது பரவலான கணக்கு. 45 வயதுக்காரருக்கு உச்சம் 175. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது சுமார் 112 முதல் 133 வரை, மிதமான பயிற்சி. ஆனால் இது சராசரிதான். ஒருவரின் உண்மையான உச்சம் பத்துத் துடிப்புகளுக்கு மேல்கூட ஏறி இறங்கலாம். வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போவதால், அதே வேகத்தில் நடந்தாலும் சித்திரையில் எண் கூடும். அப்போது வேகத்தைக் குறைப்பதே நல்லது.

ரத்த அழுத்தத்துக்கு ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரையே துடிப்பைக் குறைத்துவைக்கும். அந்த ‘98’ காட்டியவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். அவர் 130-ஐத் தொட வேண்டும் என்று ஓடுவதுதான் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவுசெய்ய வேண்டும். கணக்கே வேண்டாம் என்றால் எளிய வழி உண்டு: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம்.

வாட்ச் சொல்லாதது

துடிப்பை எண்ணும் கருவிக்கு ரத்தக்குழாய் அடைப்பு தெரியாது. ஈசிஜி வசதியுள்ள வாட்ச்கள் ஒருவகைச் சீரற்ற துடிப்பைக் கண்டறிய உதவும். மாரடைப்பைக் கண்டறியாது என்று ஆப்பிள் நிறுவனமே தன் வாட்ச் பற்றிச் சொல்கிறது. குத்தாமலேயே சர்க்கரை அளவைக் காட்டுவதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. “72தான் காட்டுது, கேஸ் பிராப்ளமாத்தான் இருக்கும்” என்று வீட்டுக்கு நடப்பது உயிரைப் பணயம் வைப்பது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் கடும் பயிற்சியில் இறங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வாட்ச் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.