நல்ல கருவியைக் குப்பையாக்குவது எவர் உரிமை?

2025 ஜனவரி முதலாம் நாள், அண்ட்ரொய்ட் 4.4 பதிப்பிலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் இயங்கிய கைத்தொலைபேசிகளில் வட்ஸ்அப் நிறுத்தப்பட்டது. கருவி பழுதுபட்டதா? இல்லை! திரை ஒளிர்ந்தது, மணி ஒலித்தது. பாமன்கடையிலிருந்து இலண்டனிலுள்ள மகனோடு பேசும் ஏழைத்தாயின் வாய் மட்டும் அடைக்கப்பட்டது.

செயலி ஆக்கும் நம் இளைஞர் கதியும் இதுவே. 2023இல் அண்ட்ரொய்ட் 13, 2024இல் 14, 2025இல் 15 என ஆண்டுதோறும் ஓகஸ்ட் 31 கெடு. அதற்கேற்பத் திருத்தாத செயலியின் புதுப்பிப்பைக் கூகுள் ஏற்பதில்லை. புதியது படைக்கும் பொழுதெல்லாம் பழையதைக் காப்பதிலேயே கழிகிறது.

பாதுகாப்புக்காக என்பர். பாதுகாப்பை நாம் மறுக்கவில்லை. அதன் செலவை எளியோர் தலையில் சுமத்துவதையே எதிர்க்கிறோம். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம், புதிய மாதிரிகளின் விற்பனை முடிந்த பின்னும் ஐந்தாண்டுகள் புதுப்பிப்பு வழங்கப் பணித்துள்ளது.

நம் நாட்டில் சட்டமில்லையா? உண்டு! 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பொருள்களின் மேற்சுட்டி குறித்துப் பணிக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அளித்துள்ளது. மருந்துப் புட்டியில் முடிவு நாள் உண்டு; கைத்தொலைபேசிப் பெட்டியில் ஏன் இல்லை? புதுப்பிப்பு முடியும் நாளைப் பொறிக்க அதிகாரசபை ஆணையிடட்டும்! அதுவரை நாம் ஓயோம்.